சாராவின் காதும் பினாங்குக் கண்ணாடியும்

கோட்டைப்பட்டினத்தில் யாரோ ஒரு பினாங்குக்காரர், பெற்ற பிள்ளையின் மூஞ்சியில் ரப்பரை மாட்டி, வாயில் குழாயைச் செருகி, முத்தெடுக்கக் கடலில் முக்கப் போகிறாராம். கண்டக்டர் திருப்பதிக்கு இதை அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு மீமிசலில் ஒரு கருவாட்டுக்காரி சொன்னாளாம். அறந்தாங்கியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்தபடியே திருப்பதி இதை நாலாவது சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாவது சீட்டில் இருந்தவர் ஜெகபர் சாதிக். அந்தப் பினாங்குக்காரர் அவர்தான்.

“பொம்பளப் புள்ளையாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க, ஏழு வயசாம். இப்பத்தான் காது குத்திருக்காம். அந்த மனுசனுக்கு என்ன கேடுங்கிறேன்? அங்கிட்டே கெடந்தா மூளை கொழம்பிருமோ என்னமோ.”

“இருக்கும்ங்க,” என்றார் ஜெகபர் சாதிக். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். தந்தி உள்ளே இருந்தது. பஸ் ஏறியதிலிருந்து ஒன்பதாவது தடவையாகத் தொடுகிறார்.

கப்பல் ஏஜெண்டு அவருடைய அறந்தாங்கி வீட்டு விலாசத்துக்கு அனுப்பி, அவர் இன்று போய் வாங்கி வந்த தந்தி அது. இருபதாம் தேதிக் கப்பல் பன்னிரண்டாம் தேதியே புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்த கப்பலுக்குள் மலாயாவுக்குத் திரும்பும் பெர்மிட் காலாவதியாகிவிடும். இன்றைக்குத் தேதி ஏழு.

அவர் கடல் தாண்டியது 1948இல். புதுக்கோட்டையில் இங்கிலீஷ் படித்து முடித்த கையோடு பினாங்கில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தார். வாரம் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தமிழில், வீட்டுக்கு. இந்தப் பதினாலு வருசத்தில் ஊரில் இருந்த நாட்களைவிட, ஊருக்குக் கடிதம் எழுதிய நாட்கள் அதிகம். அங்கே இருந்தால் இங்கே யாருக்கு என்னவோ என்று தூக்கம் வராது. இங்கே வந்தால் அங்கே மேசை டிராயரைப் பூட்டினோமா என்று வராது.

மகள் சாரா உம்மாள் பிறந்தபோது அவர் பினாங்கில் இருந்தார். அவள் நடந்தபோதும் அங்கேதான். இந்தத் தடவை வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு தடவைகூட அவரை ‘அத்தா’ என்று கூப்பிடவில்லை. எதுவானாலும் தாய் வழியாகத்தான். “அம்மா, அவுக குடைய எடுத்துக்கிறச் சொல்லுங்க. அம்மா, அவுக சாப்பிட்டாகளாமா?”

புறப்படுவதற்கு முன்பு, பிள்ளையின் தலைச் சுற்றளவை நூலால் அளந்து அனுப்பச் சொல்லி மனைவி ஜன்னத் பீவிக்கு எழுதியிருந்தார். நூல் கடிதத்துக்குள் மடிந்து வந்தது. நெற்றிக்குத் தங்கத்தில் ஏதோ வருகிறதென்று தெருவே நம்பிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது வந்தது கறுப்பு ரப்பர்க் கண்ணாடியும் ஒரு வளைந்த குழாயும். தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டே மூச்சு விடலாம், மீன் பார்க்கலாம் என்று அவர் விளக்கினார். ஜன்னத்தின் அக்கா ரம்லத் பீவி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“மீனு பாக்கவா கண்ணாடி? எங்க ஊருக்கு வாங்க கொழுந்தனாரே, மீனு வீட்டு வாசலுக்கே வந்து ஒங்களப் பாத்துட்டுப் போகும்!”

அவர் ஊருக்கு வந்திருக்கும்போதே காது குத்திவிட வேண்டும் என்று விருந்து நடந்தது. அந்த வீடுகளின் வழக்கப்படி சாராவுக்கு இரண்டு காது மடலிலும் விளிம்பைச் சுற்றி வரிசையாக ஓட்டை. ஒவ்வொன்றிலும் எண்ணெய் தோய்த்த நூல் வளையம். மறுநாளே குடும்பத்தோடு கோட்டைப்பட்டினத்துக்கு, ரம்லத் வீட்டுக்குப் பத்து நாள் கடற்காற்று வாங்க வந்தார்கள். காது ஆறட்டும், கடைசி இரண்டு நாளில் பிள்ளையைக் கடலில் இறக்கலாம் என்பது அவர் திட்டம். நேற்றுத் தனியாக இறங்கி ஒத்திகை பார்த்ததைத்தான் யாரோ பார்த்துவிட்டார்கள்.

இப்போது தந்தி வந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததுமே, நாளைக்கே பிள்ளையைக் கடலில் இறக்கப் போவதாகச் சொன்னார்.

“நாப்பது நாளைக்குக் கடத்தண்ணி படக்கூடாதுங்க,” என்றாள் ஜன்னத்.

“உப்புத்தண்ணி புண்ண ஆத்தும் ஜன்னத். நான் படிச்சிருக்கேன்.”

“நீங்க படிச்ச காதுல நூலு இருந்துச்சா?”

“அடுத்த தடவை நான் வாரப்ப அவளுக்குப் பதினொரு வயசு. அப்ப அவளக் கடலுக்கு அனுப்புவீங்களா?”

ஜன்னத் எழுந்து உள்ளே போனாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, பஞ்சை நனைத்து, மகளின் இரண்டு காதையும் மூடினாள். அதுதான் அவள் கொடுத்த அனுமதி.

மறுநாள் காலை, காற்று எழும்புவதற்கு முன் மீனவர் வீரய்யாவின் வள்ளத்தில் போனார்கள். கரையோரம் வெறும் சேறு. வெகு தூரம் போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். “சேத்துக்குள்ள என்னத்தங்க பாக்கப்போறீக?” என்று வீரய்யா முதலில் சிரித்தாலும், தண்ணீர் தெளிந்து கடல் புல் அடர்ந்த ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சரியாக நிறுத்தினார். ஜன்னத் வள்ளத்திலேயே உட்கார்ந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜெகபர் சாதிக் இறங்கி நின்று, கண்ணாடியை மகளின் முகத்தில் மாட்டினார். ரப்பர் வாரைப் பஞ்சுக்கு மேலே இழுத்துவிட்டார். வயிற்றுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து அவளை மிதக்க விட்டார். முதல் தடவை தண்ணீரைக் குடித்துத் தும்மினாள். இரண்டாவது தடவை அழுதாள். மூன்றாவது தடவை உடம்பு அசையாமல் நின்றது. குழாயில் மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்து போனது. அவருடைய உள்ளங்கையில் அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்கியது. இவ்வளவு நேரம் இந்தப் பிள்ளை தன் கையில் இருந்ததே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சட்டென்று தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினாள்.

“அத்தா! குதிரைங்க அத்தா! விரலு தண்டி குதிரை. வாலால புல்லப் புடிச்சுக்கிட்டு நிக்கிது!”

வள்ளத்தில் ஜன்னத் வாயில் கையை வைத்துக்கொண்டாள். வீரய்யா காரணம் புரியாமல் சிரித்தார்.

“எங்கடா? அத்தாவுக்குக் காட்டு,” என்றார் ஜெகபர் சாதிக்.

அவள் மறுபடி முகத்தை முக்கினாள். அப்போதுதான் பார்த்தார். பஞ்சு நழுவிப் போயிருந்தது. வலது காதின் நூல் வளையங்களில் இரண்டு வாரில் மாட்டி இழுபட்டு, மடல் சிவந்து, ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவார் என்று சொல்லவில்லை.

அவரும் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு தடவை அந்தச் சொல் வரட்டும் என்று நின்றார். கால் மணி நேரம். இரண்டு தடவை வந்தது.

அன்று சாயங்காலமே காது பணியாரமாக வீங்கியது. அடுத்த நாள் உடம்பு கொதித்தது. ரம்லத் மஞ்சளைச் சூடு பண்ணிப் பற்றுப் போட்டாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. பத்தாம் தேதி கார் அமர்த்திப் புதுக்கோட்டைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் பிரகதாம்பாள் தன் வீட்டோடு இருந்த ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நூலையெல்லாம் வெட்டி எடுத்து, ஊசி போட்டார்.

“படிச்சவர்தானே நீங்க?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு நாள் பாக்கணும். சீழ் எலும்புப் பக்கம் எறங்கியிருக்கக்கூடாது.”

சாரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெளிக்கதவில் நின்றவருக்கு அவள் குரல் கேட்டது. “அம்மா, அந்தக் கண்ணாடிய அவுக கொண்டுபோயிருவாகளா?”

மறுபடியும் ‘அவுக’. கண்ணாடியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார்.

“நீங்க போங்க. பெர்மிட்டு போச்சுன்னா என்ன பண்ணுவோம்?” என்று ஜன்னத்தான் தள்ளி அனுப்பினாள். “பன்னெண்டாந்தேதி பகல் பன்னெண்டு மணிக்கு டாக்டரம்மா போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நீங்க நாகப்பட்டினத்துலேருந்து பேசுங்க. சொகம்னு கேட்டுட்டுக் கப்பலேறுங்க. இல்லன்னா திரும்பி வந்துருங்க.”

நாகப்பட்டினம் தபாலாபீஸில் காலை ஒன்பதுக்கே டிரங்க்கால் பதிந்துவிட்டார். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றது. ஆட்களை ஏற்றும் கடைசிப் படகு ஒரு மணிக்கு. பதினொன்றரைக்கு லைன் இல்லை என்றார்கள். பன்னிரண்டுக்கு இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளார்க் கண்ணுசாமி கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

“பெரியவரே, புதுக்கோட்டை கெடச்சிருச்சு. மணி அடிக்கிது, பேசுங்க.”

முப்பத்து மூன்று வயதில் பெரியவராகிவிட்ட ஜெகபர் சாதிக் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். எங்கோ ஒரு மேசைமேல் மணி அடித்தது. ஜன்னத் இவ்வளவு நேரம் காத்திருந்து எழுந்து போயிருப்பாளா? பக்கத்திலேயே இருப்பேன் என்றவள் ஏன் எடுக்கவில்லை? எடுக்க முடியாதபடி அங்கே என்ன நடக்கிறது?

“ஆளு இல்ல போலருக்கே. வச்சிரவா?” என்றார் கண்ணுசாமி.

“வைக்காதீங்க.”

வாசலில் ஏஜெண்டின் ஆள் கைக்குட்டையை ஆட்டிக் கூப்பிட்டான். ஜெகபர் சாதிக் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டெலிபோன் கயிற்றை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது.