சீப்பும் கண்ணாடியும் பொறித்த கல்

மனைவி இறந்து ஒரு வருடமாகியும் அவள் கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. கல்லில் என்ன செதுக்குவது என்பதில் எனக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. "எல்லாரும் போடுற மாதிரிச் சிலுவையும் செபமாலையும் போடுவம் அப்பா" என்பான். அவளைப் பற்றி அது என்ன சொல்லும் என்று நான் எரிந்து விழுவேன். வேறென்ன போடலாம் என்று திருப்பிக் கேட்டால் என்னிடமும் பதில் இருக்காது.

வீட்டில் தனியே இருந்து விசர் பிடிக்காமலிருக்க, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ஸ்காபரோவின் நூலகத்தில் நடந்த ஓர் இலவச வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். முற்காலத்தில் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் என்ற மக்கள் கற்களில் செதுக்கிய குறிகளைப் பற்றிய வகுப்பு அது. பிறை, முறிந்த அம்பு, பாம்பு, இன்னதென்று சொல்லமுடியாத ஒரு மிருகம். ஒருநாள் ஆசிரியை ஒரு கல்லின் படத்தைக் காட்டி, அதன் அடியிலிருந்த கண்ணாடிக்கும் சீப்புக்கும் என்ன அர்த்தம் இருக்கலாம் என்று கேட்டார்.

முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். "இந்தக் கல் யாருக்கு வைத்ததோ, அவள் மணப்பெண் அலங்காரம் செய்தவள்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் சனத்தின் கடைகள் வரிசையாக இருக்கும் பிளாசாக்களில் அலங்காரக் கடைப் பலகைகளில் சீப்பும் கண்ணாடியும்தானே இருக்கும். என் மனைவியும் அப்படியொரு கடையில் நின்று, கால் வீங்க வீங்க ஊர்ப் பெண்களைக் கல்யாணத்துக்கு அலங்கரித்து வெளிக்கிடுத்தியவள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. "பெண்ணைக் குறிக்கிறது என்கிறார்கள் சிலர். செல்வாக்கைக் காட்டுகிறது என்கிறார்கள் வேறு சிலர். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் மிச்சமில்லை" என்றார். அவளைப் பற்றிச் சொல்ல நான் மிச்சமிருக்கிறேனே, பிறகு எதற்கு இந்தச் சுணக்கம் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

நான் தாளில் கீறிக் காட்டிய சீப்பையும் கண்ணாடியையும் பார்த்து மகன் முகத்தைச் சுளித்தான். "உதென்னப்பா, சலூன் போர்ட் மாதிரி? சனம் சிரிக்கப்போகுது."

"சிரிச்சால் சிரிக்கட்டும். மேலே பேரும் சிலுவையும், கீழே உது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தான். பனி கரைந்ததும் கல்லை நட்டார்கள். சுவாமியார் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், சற்று விலகி நின்று பார்த்தபோது எனக்கே அது கொஞ்சம் கூத்தாகத்தான் பட்டது. மகன் காரடிக்குப் போக அவசரப்பட்டான்.

அப்போது பக்கத்துக் கல்லறைக்குப் பூவோடு வந்த ஒரு பெண், எங்கள் கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அங்கிள், உவ பிளாசாவில கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்தின அக்காவே?"

"ஓம் பிள்ளை."

"எனக்கு அவவின்ர பேர்கூடத் தெரியாது. கலியாணத்தண்டைக்கு அம்மாவை நினைச்சு அழுதழுது கண்மையெல்லாம் கரைச்சுப்போட்டன். ஒரு சொல்லு ஏசேல்லை. திரும்பத் திரும்பத் துடைச்சுப் போட்டுவிட்டவ."

மகன் கார்ச் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு அவளுக்குக் கிட்டே வந்தான்.

"இன்னும் சொல்லுங்கோ அக்கா" என்றான்.