இரண்டு நீலம்

பாட்டிலக்கா என்றுதான் தெருவில் அவளுக்குப் பேர். குப்பைக்குப் போகிற பாட்டில்களை உடைத்து, பின்கட்டு மின்சூளையில் உருக்கிக் கம்மலும் டாலரும் செய்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அவள் தொழிலில் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாட்டில் சில்லை இன்னொரு பாட்டில் சில்லோடு சேர்க்கக் கூடாது. உருகும்போது ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும், நடுவில் விரிசல் விழுந்துவிடும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்த கையோடு, அம்மாவின் நீல எண்ணெய் பாட்டில் யாருக்கு என்று அவளுக்கும் தங்கைக்கும் சண்டை. இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் அது கீழே விழுந்து உடைந்தது. ஆளுக்கொரு சில்லைப் பொறுக்கிக்கொண்டு போனவர்கள்தான், அதோடு பேச்சு நின்றது. ஒரு எண்ணெய் பாட்டிலுக்கு எவ்வளவு ரோஷம் பாருங்கள்.

போன வாரம் தங்கையின் வீட்டுக்காரர் வந்து, காகிதப் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"அவ சில்லுதான். உங்களோடதையும் சேர்த்துப் பொண்ணுக்கு ஒரு டாலர் செஞ்சு குடுப்பீங்களான்னு கேக்கச் சொன்னா."

"வாயைத் தொறந்து அவளே கேக்கமாட்டாளாமா, மாப்பிள்ளை?"

கேட்டாளே தவிர, அவர் தெருமுனை தாண்டுமுன் பீரோவைத் திறந்து தன் சில்லை எடுத்துவிட்டாள். இந்த டாலர் நன்றாக அமைந்தால் தங்கை திரும்பக் கிடைப்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரே பாட்டில்தானே என்று இரண்டையும் ஓரம் தேய்த்து, ஒட்ட வைத்துச் சூளையில் ஏற்றினாள். ஒரு நாள் முழுக்க மூடியைத் தொடவில்லை.

திறந்தபோது டாலர் சேர்ந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் பாதி நல்ல நீலம். மற்றதில் லேசாகப் பச்சை ஓடியது. அது அம்மாவின் பாட்டிலே இல்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இருபது வருஷக் கைக்கு இது அவமானம்.

முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா பொருளைத் தொலைத்துவிட்டு என்னையே ஏமாற்றப் பார்க்கிறாளா? பாத்திரமெல்லாம் தேய்த்து முடித்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. அக்கா வேண்டாம் என்றிருப்பவள் எதற்காக நீல பாட்டில் தேடி அலையவேண்டும்?

போனை எடுத்தாள்.

"டாலர் பிளந்துருச்சு."

தங்கை சுற்றி வளைக்கவில்லை. "அம்மா சில்லை அன்னிக்கே கோவத்துல தூக்கிப் போட்டுட்டேன்க்கா."

"தெரியுது. இதுக்கு எத்தனை கடை ஏறி இறங்கின?"

"ஆறு."

"ஆறு கடை. நேரா இங்க வந்திருந்தா ஒரே பஸ்ஸுடி. என் பாதியே போதும், உன் பொண்ணுக்கு அதுலயே செய்யறேன்."

தங்கை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எந்த நம்பர் பஸ்க்கா?"