சர்க்கரை மூட்டையும் நாற்பது நாளும்

குன்னூர்ப் பக்கம் துரைமார் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளிக்கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு மார்ச் மாதக் காலையில் ஸ்டோரைத் திறந்து சர்க்கரை மூட்டையை அசைத்துப் பார்த்தேன். பாதிக் கனம்தான் இருந்தது.

அது அவர்களுடைய தவக்காலம். காலையில் லத்தீன், மாலையில் சாப்பலில் ஜெபம் என்று நடக்கும் பள்ளி. ஈஸ்டர்வரை நாற்பது நாள் தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று பையன்கள் அத்தனை பேரும் சாப்பலில் உறுதி சொல்லியிருந்தார்கள். மிச்சமாகும் மூட்டை கோயமுத்தூர் அநாதை இல்லத்துக்குப் போக வேண்டும். ஸ்டோர் சாவி என்னிடமும் சமையல்காரர் மாரப்பனிடமும் மட்டும்தான். நான் எடுக்கவில்லை. அப்புறம் யார்?

அன்றிலிருந்து என் கண் மாரப்பன் மடி மேலேயே இருந்தது. சாயங்காலம் அவர் கிளம்பினால் கடைவீதிவரை பின்னாலேயே போவேன்.

"ஏனுங்க பாய், நோம்பு வச்ச ஒடம்போட எதுக்குங்க என்ற நெழலாட்டம் வாறீங்க? உங்க பார்வைக்குப் பூட்டே தொறந்துக்கும் போல!" என்று சிரிப்பார்.

எனக்கு அப்போது ரமலான் நோன்பு. இரண்டு நோன்பும் அந்த வருஷம் ஒன்றாக வந்தன. தினமும் தேநீரை ருசி பார்த்து ஹாலுக்கு அனுப்புவது என் வேலை. அந்த மாதம் அதை விட்டிருந்தேன். வாயைக் கட்டிய பிள்ளைகளின் சர்க்கரையை விற்றுத் தின்கிறானே என்று பொறுக்காமல், ஹெட்மாஸ்டர் பாதிரியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டைனிங் ஹாலில் லத்தீன் ஜெபம் முடிந்ததும் பாதிரியார் மாரப்பனை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"மாரப்பன், சக்கரை எங்கே? உண்மை சொல்லு. இல்லை என்றால் இன்னைக்கே வேலை இல்லை."

மாரப்பன் பக்கத்து மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் காட்டினார். பாதிரியார் ஒரு வாய் குடித்தார். அடுத்த மேசையில் இன்னொரு வாய். காது வரை சிவந்துவிட்டார்.

"இந்தக் குளுருல பசங்க மூஞ்சியச் சுளிச்சுக் குடிச்சது பொறுக்கலீங்க, தொரை. அண்டாவுலயே போட்டுட்டனுங்க. ஒருத்தராச்சும் வேண்டாம்னு சொன்னாங்களாங்க?"

பையன்கள் அத்தனை பேரும் மேசைவிரிப்பைப் பார்த்தார்கள். பாதிரியாரின் கோபம் அவர்கள் பக்கம் திரும்பியது. மாரப்பன் வேலை தப்பியது. பையன்களுக்கு நாற்பது நாளும் முதலிலிருந்து தொடங்கின. ஈஸ்டர் விருந்துக்குக்கூடச் சர்க்கரை இல்லாத தேநீர்தான்.

அன்று அடுப்படியில் மாரப்பன் மெதுவாகக் கேட்டார்: "நீங்கதான் சொன்னீங்களாங்க பாய்? என்னையவே கேட்டிருக்கலாமுங்களே."



அதற்குப் பிறகு எத்தனையோ பேர்மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. யார் பின்னாலும் நடந்ததில்லை. எதிரே உட்கார்ந்து, அவர் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே நேராகக் கேட்டுவிடுவேன்.