மூன்று மாத்திரை, இரண்டு வேளை

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த நேரத்தை நர்ஸ் 'எட்டு ஏழு' என்று எழுதுகிறாள். எட்டு மணி ஏழு நிமிடம். அமெரிக்கா வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் செஞ்சியில் மாத்திரைக்கு ஏது நிமிடம்? சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஏழு நிமிடத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நர்ஸ்கள் எழுதிய தாள்களிலிருந்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வரி என்று நேரப்படி அடுக்குவதற்கு ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதுகிறேன். மாத்திரை வரியில், ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்ற அளவு இருக்காது; அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்போம். மருந்து உடம்பில் எப்படி ஏறி இறங்குகிறது என்று இன்னொரு புரோகிராம் அதைக்கொண்டு கோடு போடும். அந்த நோயாளிகளை யாரோ எவரோ என்றுதான் போன வாரம்வரை அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து அப்பாவைப் பற்றித் தம்பியின் கடிதம் வந்தது. கத்திரி வெயிலிலும் அத்தா ரமலான் நோன்பு ஒன்றையும் விடவில்லையாம். ஆஸ்துமா மாத்திரையை, விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு இரண்டு, மாலையில் நோன்பு திறந்ததும் ஒன்று எனப் போட்டுக்கொள்கிறாராம். "கை லேசா நடுங்குது, மத்தபடி சுகம்" என்று முடித்திருந்தான். மூன்றாம் நோன்பன்று எழுதியது. என் கைக்கு வரும்போது பதினாறாம் நோன்பு.

நான் அடித்துக்கொண்டிருந்த ஃபைலும் அதே மருந்துதான். கூடினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், வலிப்பு வரும். செய்யக்கூடாததைச் செய்தேன்: அத்தாவை ஒரு நோயாளியாக்கி, அவர் மாத்திரைகளை வரிவரியாக அடித்து ஓடவிட்டேன். ஒவ்வொரு விடியலிலும் கோடு ஆபத்தான அளவைத் தாண்டிப் போனது.

பக்கத்து மேசை மார்கரெட்டிடம் சொன்னேன். "ஒரு மாத்திரைகூட விடவில்லையா? இங்கே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அருமையான நோயாளி!" என்று என் தோளைத் தட்டினாள்.

மறுநாள் காலை, காத்துக் கிடந்து, காந்தி பஜாரில் அத்தாவின் கடை போன் கிடைத்தது.

"அத்தா, ரெண்டு மாத்திரய ஒண்ணாப் போடாதீங்க. நாளைக்கே விழுப்புரம் டாக்டரப் பாருங்க. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லியே."

"இன்னாம்மா சொல்ற? நீதானே எழுதின, மூணுல ஒண்ணுகூட வுடக்கூடாதுன்னு? பகல்ல போட முடியாதேன்னு மத்தியான மாத்திரய காலைலயே சேத்துப் போட்டுக்கிறேன்."

ஆமாம், நான்தான் எழுதினேன். படித்த திமிரில், அடிக்கோடு போட்டு எழுதினேன். மூன்று என்று எழுதியவள் எந்தெந்த நேரம் என்று எழுதவில்லை.

"தப்பா எழுதிட்டேன் அத்தா. அந்த மத்தியான மாத்திரய வுட்டுடுங்க."

"நெஞ்சு படபடங்குது, வெயிலுக்குன்னு பாத்தேன்," என்றார். இரைச்சல் வந்தது. "சரிம்மா, ஆனா..." லைன் போய்விட்டது. அதன்பின் எத்தனை முறை முயன்றும் கிடைக்கவில்லை.

இன்று மாலை ஆறரை. செஞ்சியில் விடியற்காலை நான்கு, அத்தா சஹர் முடிக்கிற நேரம். இங்கே நான் நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. திரையில் அவர் ஃபைல் திறந்திருக்கிறது. ரத்த அளவு இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை புள்ளிகள். இன்றைய வரியில் நேரத்தை மட்டும் தட்டியிருக்கிறேன். மாத்திரை ஒன்றா, இரண்டா என்று தெரியாமல் விரல் அப்படியே நிற்கிறது.