ஊஞ்சல் என்று ஒதுக்கிய துடிப்பு

எழுபதுகளில், பால்வெளியின் நடுப்பகுதியை நோக்கிய எக்ஸ்ரே கருவி ஒன்றை எங்கள் ஆய்வகம் பலூனில் ஏற்றி அனுப்பியது. அது வரைந்து தந்த காகிதச் சுருளைப் படிப்பது ஆராய்ச்சி மாணவனான என் வேலை. ஆய்வகத்தில் அதை விரிக்க இடம் இல்லை. பஸ்ஸும் ரயிலும் மாறி எங்கள் ஊர் படப்பைக்குத் தூக்கி வந்து, வீட்டுக் கூடத்தில் விரித்தேன். ஒரு முனையில் அம்மிக்குழவியை வைத்து, மறுமுனையை அண்ணி பிடித்துக்கொள்ள, தவழ்ந்து தவழ்ந்து பார்த்தேன். கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சுருளில் சில நிமிடங்கள் தள்ளி மறுபடியும் அதே போல. எங்கோ ஒரு நட்சத்திரம் நிதானமாகச் சுழன்று துடிக்கிறது என்று தோன்றியதும் மறுபடி முதலிலிருந்து தவழ்ந்தேன்.

என் பேராசிரியர் சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. துடிக்கும் நட்சத்திரம் என்றால் நொடிக்கணக்கில் துடிக்கும், இவ்வளவு மந்தமாக எது துடிக்கும், கருவிப்பெட்டி கயிற்றில் ஆடியிருக்கும் என்றார். பெட்டி ஆடிய கணக்கு வேறு, இது வேறு என்று எடுத்துச் சொன்னேன்.

"உங்க ஊர் ஊஞ்சல்பா அது. கழிச்சுட்டு வா" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்கிலிருந்து அந்தத் துடிப்பைக் கழித்துத் தொலைத்தேன். மூலச் சுருளை மட்டும் வீட்டுப் பரணில் போட்டு வைத்தேன்.

பிறகு, அதே பகுதியில் நிமிடக்கணக்கில் துடிக்கும் எக்ஸ்ரே நட்சத்திரங்களை வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பேராசிரியர் காரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். அதுவரை எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அண்ணி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஆய்வகத்தில் எல்லார் டம்ளரிலும் வாய் வைத்துக் குடிக்கிறவர்தான்.

பிறகு சுருளைக் கேட்டார்; பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். தான்தான் முதலில் பார்த்ததாகக் கட்டுரை எழுதப் போகிறாராம். கடைசியில் எனக்கு ஒரு வரி நன்றி போடுவாராம். சொல்லிக்கொண்டே விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைத் தள்ளினார். எங்கள் தரையில் கிடந்த தாள், அண்ணியின் கை வியர்வை பட்ட தாள். அதில் அவர் எச்சில் பட்டுக்கொண்டே இருந்தது. இன்று நினைத்தாலும் அந்த நாக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

"அது வெறும் ஊஞ்சல் சார்" என்று சொல்லிச் சுருளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

பட்டம் கிடைக்காது என்று எச்சரித்துவிட்டுக் காரில் ஏறினார். கிடைக்கவும் இல்லை.

அண்ணி சொம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது சுத்தமா தான் கீது" என்று கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியால் தாளின் ஓரத்தைத் துடைக்க உட்கார்ந்தாள்.