சாம்பல் பூசிய கம்பு

இயேசுவுக்குள் பிரியமானவர்களே, அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். காற்று பலமாய் அடித்தாலே ஓடு பறந்துவிடுமோ என்று நடுங்குகிறவள். அப்படிப்பட்ட என் கண் முன்னால் எழுபத்து நாலாம் வருஷம் ரத்தம் தெறித்தது.

ஐப்பசி மழை இல்லை. கார்த்திகையும் பொய்த்துப் போச்சு. மணப்பாட்டில் நாங்கள் கருவாட்டைக் கொடுத்து, உடன்குடிப் பக்கம் கம்பு விதைக்கிற பொன்னையா அண்ணாச்சியிடம் தானியம் வாங்குவோம். அந்த வருஷம் அவர் கையை விரித்துவிட்டார். வீடு நிறையக் கருவாடு. பானையில் ஒரு மணி தானியம் இல்லை. மூணு வயசு மகள் பிலோமி வெறும் கருவாடு தின்று வாயெல்லாம் புண்ணாகி, தலை தூக்காமல் கிடந்தாள். "மாதாவே, ஒரு வாய்க் கஞ்சி" என்று அழுதேன்.

மார்கழியில் ஒருத்தன் வந்து, "பொன்னையா பானை நிறையக் கம்பு ஒளிச்சு வச்சிருக்காம்லே" என்றான். ஆட்கள் கத்தி, துடுப்போடு கிளம்பினார்கள். முன்னால் என் வீட்டுக்காரர் சவரி. செபமாலையோடு நான் பின்னால் ஓடினேன்.

கதவை உடைத்தார்கள். துடுப்படியில் அண்ணாச்சி நெற்றி பிளந்தது.

"ஏலே சவரி, எங்கையால எத்தன வருசம் கம்பு வாங்கித் தின்ன!"

"அப்ப இது ஆருக்குலே?" என் வீட்டுக்காரர் பானையை இழுத்தார். கம்பெல்லாம் சாம்பல். "பாருங்கலே, கண்ணுக்குத் தெரியாம இருக்கச் சாம்பலைப் போட்டுருக்கான்!"

அண்ணாச்சி மனைவி செல்லக்கனி பானையைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். "பாவிகளா, அது விதை! பூச்சி அரிக்காம இருக்கச் சாம்பல். எம்புள்ளைக்கே ஒரு மணி குடுக்கலியே!"

இவர் கத்தியை ஓங்கினார்.

"மாதாவே! கஞ்சிதானே கேட்டேன், ரத்தம் கேக்கலியே!" என்று நான் அலறினேன்.

கத்தி இறங்கியது. அவள் தலைக்கு ஒரு விரல்கடை தள்ளி, பானையில் விழுந்தது. விதை மண்ணில் கொட்டியது. உடைந்த கதவுக்குள்ளே அவள் பிள்ளை கிடந்தது. பிலோமி மாதிரியே, வெறும் எலும்பு.

இவர் கத்தியை எறிந்துவிட்டு உட்கார்ந்தார். "நமக்கு வலை மாதிரி இவங்களுக்கு விதை. வலையை அறுத்துத் திங்க வந்துட்டமேலே."

வந்தவர்களே குனிந்து விதையைப் பொறுக்கினார்கள். அண்ணாச்சி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏளா, அழாத. கொல்லையில பனங்கிழங்கு கெடக்கு. நாங்க அதத் தின்னுதான் உசுரோட இருக்கோம். தோண்டிட்டுப் போ, புள்ளைக்கு அவிச்சுக் குடு."

மசித்த கிழங்கை விழுங்கித்தான் பிலோமி கண் திறந்தாள்.

மறு வருஷம் மழை பெய்தது. அந்த விதையில் விளைந்த முதல் கம்பை, நெற்றித் தழும்போடு அண்ணாச்சியே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். இவர் அதன்பின் யார் மேலும் கை ஓங்கவில்லை.

இன்றும் காற்றுக்கு நடுங்கத்தான் செய்கிறேன். நடுங்கிக்கொண்டே செபிக்கிறேன். பானை காலியான வீட்டில் இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். நான் கஞ்சி கேட்டேன். மாதா முதலில் கத்தியை விலக்கினாள். பிறகு நாங்கள் அடித்தவரின் கையாலேயே ஊட்டினாள்.