காணவில்லை என்று எழுத ஒரு தாள்

எங்கள் டொத்தோரே எதையும் காணாத நாளிலும் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பலெர்மோவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத சங்கதிகளில் இதுவும் ஒன்று. டொத்தோரே என்பது இங்கே படித்தவர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். அவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். கிழமை முழுவதும் அவர் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைப்பது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரெனெல்லாத் துறையிலிருந்து தன் சின்னப் படகில் தூண்டில் போடப் போவார். சாப்பாட்டுக் கூடையோடு நானும், விட்டுவிட்டு வர ஆளில்லாததால் என் எட்டு வயது மகள் ஜெனியும் கூடப் போவோம். அவரைப்போலப் பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஃபோக்கா மோனாக்கா என்ற கடல்நாய் இந்தக் கரைகளில் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. எத்தனை மணி நேரம் கடலில் நின்றோம், காற்று எந்தப் பக்கம், கண்டால் எவ்வளவு தூரத்தில், கண்டவர் பெயர் என்ன என்றெல்லாம் அந்தத் தாளில் கேட்டிருக்கும். டொத்தோரே கிழமைக்குக் கிழமை 'காணவில்லை' என்று எழுதினார்.

கடல்தொழில் செய்த குடும்பத்துப் பெண் நான், மன்னார் பேசாலை. காசு செலவழித்து எண்ணெய் அடித்துக் கடலுக்குப் போய், பிடித்த மீனில் பாதியைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வரும் மனிதரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்ற கடற்பசு வலையில் பட்டால் ஊரே சட்டியோடு ஓடிவரும். எண்ணிப் பார்க்க அங்கே யாருக்குப் பொறுமை? ஒருநாள் கேட்டேவிட்டேன். "டொத்தோரே, ஒன்றையும் காணாவிட்டால் எதற்கு எழுத வேண்டும்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "பார்த்தும் காணவில்லை என்பதும், பார்க்கவே இல்லை என்பதும் ஒன்றா மரியா? இரண்டையும் கலந்தால் எல்லாம் பொய்யாகிவிடும்." என் பெயர் மேரி. அவருக்கு நான் மரியா. அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன் நானும் 'காணவில்லை' என்று ஒரு கடிதம் எழுதியவள். சண்டைக்குப் பயந்து ராமேஸ்வரத்துக்கு வெளிக்கிட்டபோது, ஆண்களை ஒரு படகிலும் பெண்களையும் பிள்ளைகளையும் மற்றதிலும் ஏற்றினார்கள். என் கணவர் அருள் முன் படகில் இருந்தார். இடையில் எஞ்சின் பழுதாகிச் சுணங்கியதில் விடிந்துவிட்டது. ரோந்துப் படகு ஒன்று வந்து சுட்டது. முன் படகு கவிழ்ந்தது. நாங்கள் தப்பினோம். அகதி முகாமிலிருந்து மாமிக்கு, அவரைப் பெற்றவவுக்கு, நான் எழுதியது இவ்வளவுதான்: "படகு பிரண்டதுதான் தெரியும். வேறை ஒண்டும் காணேல்லை."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாமி பேசாலையிலேயே இருந்துவிட்டா. சனமெல்லாம் இடம்பெயர்ந்து போனபோதும் அவ அசையவில்லை. கனடாவில் இருக்கும் மகள் கூப்பிட்டும் போகவில்லை. "நீ ஒண்டும் காணேல்லை எண்டனி. அப்ப எங்கையோ இருக்கிறான். வாற நேரம் வீட்டிலை ஆள் இல்லாட்டி எங்கை போவான்?" என்று எழுதுவா. செல் குண்டு விழுந்து குசினிக் கூரை போனது என்ற செய்தியும் அதே கடிதத்தில், போகிற போக்கில் வரும். நான் பதில் போடாமல் நாளைக் கடத்துவேன். பலெர்மோவுக்கு வந்து, கொஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவுக்கான, அதாவது வதிவிட அனுமதிக்கான, படிவத்தை நிரப்பும்போதும் மணமானவள் என்றுதான் எழுதினேன்.

போன வைகாசியில் ஒரு காலை. காப்போ கால்லோ மலையடியில், குகைகள் இருக்கும் பக்கமாக நின்றோம். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. டொத்தோரே குனிந்து தூண்டிலில் இரை கொழுவிக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. கறுத்த, உருண்ட தலை. கழுத்துவரை எழும்பி, நீர் வழிய வழிய என்னையே பார்த்தது.

"ஆள்! தண்ணிக்கை ஆள்! திருப்புங்கோ, திருப்புங்கோ!"

தமிழில்தான் கத்தியிருக்கிறேன். டொத்தோரே நிமிர்வதற்குள் அவரைத் தள்ளிவிட்டு, சுக்கானை நானே பிடித்து எஞ்சினை முறுக்கினேன். எங்கள் கடலில் அதுதான் முறை. தண்ணீரில் மனிதத் தலை கண்டால் வலையை வெட்டிவிட்டாவது படகைத் திருப்ப வேண்டும். பகையாளி என்றாலும் தூக்க வேண்டும். சங்கத்துக்காரரின் முறையோ நேர்மாறு: எஞ்சினை நிறுத்து, கிட்டப் போகாதே, சத்தம் போடாதே. நான் இரைந்துகொண்டு போய் மிதவை வளையத்தை எறிந்தேன். தலை தாழ்ந்தது. பிறகு எழும்பவே இல்லை. நான் பாதி உடம்பை வெளியே போட்டுத் தண்ணீருக்குள் கையால் துழாவினேன். ஜெனி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். "அம்மா, அது ஆளில்லை அம்மா! ஃபோக்கா, ஃபோக்கா!"

"எத்தனை வருடம்! எத்தனை வருடம் காத்திருந்தேன்!" என்று டொத்தோரே தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண்டது வெறும் நீர்ச்சுழியைத்தான். கமரா பைக்குள்ளேயே இருந்தது. படகுக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்த என்னைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கிவிட்டது. விலங்கைத் துரத்திவிட்டேனே என்று அழுகிறேன் என நினைத்திருப்பார், பாவம். என் தோளைத் தட்டினார்.

"அழாதே மரியா. அது மூழ்கிச் சாகாது. நன்றாக நீந்தும்."

அதைக் கேட்டபிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அன்றைக்கு, கவிழ்ந்த படகுக்கு இப்பால், நான் ஒரு தலையைக் கண்டேன். ஒரு கை மேலே எழும்பியது. "ஒருதரும் மூச்சுக் காட்டக் கூடாது" என்று எங்கள் படகோட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இரண்டு வயது ஜெனியின் வாயை நான் பொத்திக்கொண்டிருந்தேன். திருப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனுடைய காலைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தத் தலை யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு விலங்குக்காகப் படகைத் திருப்பியவள், தாலி கட்டியவருக்காக வாயைத் திறக்கவில்லை.

டொத்தோரே அன்றைய தாளை நேர்மையாக எழுதினார். கண்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, 'முதலில் மனிதர் என்று நினைத்தார்' என்று சேர்த்தார். நான் கையெழுத்து வைத்தேன். அடுத்த மாதம் சங்கத்திலிருந்து பதில் வந்தது. படம் இல்லை, வளர்ந்தவர்களில் சாட்சி ஒருவர் மட்டும், ஆகவே உறுதிப்படுத்தப்படவில்லை. டொத்தோரே அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நான் உன்னை நம்புகிறேன்" என்றார். அன்று பின்னேரமே வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துத் தபாற்கந்தோரில் நின்றபடி மாமிக்கு எழுதினேன். "மாமி, நான் பொய் சொல்லிப்போட்டன். நான் அவரைக் கண்டனான். கையைத் தூக்கினவர். நான் கத்தேல்லை. இனி அங்கை இருக்காதேங்கோ. மகளிட்டைப் போங்கோ." மன்னிப்பு என்ற சொல்லை எழுதி வெட்டினேன். அதைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டுவா என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். "விடியக்காத்தாலை, அவ்வளவு தூரத்திலை, ஒரு தலையைப் பாத்து ஆரெண்டு சொல்லேலுமோ பிள்ளை? அந்தப் படகிலை பத்துப் பன்ரெண்டு பேர் இருந்தவை. உனக்கு மனம் களைச்சுப்போச்சு. நான் கோவிக்கேல்லை. நான் இஞ்சைதான் இருப்பன். வெள்ளிக்கிழமையிலை கோயிலிலை மாதாவுக்கு, கடலிலை நிக்கிறவைக்கெண்டு மெழுகுதிரி கொளுத்திறனான். நீயும் அங்கை ஒண்டு கொளுத்து."

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அல்பெர்கேரியாவில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமியார், இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்து, அருளின் பெயரை நான் சொன்னதும் பேனையை நிறுத்தினார்.

"நிச்சயமோ பிள்ளை?"

"ஓம் சுவாமி. நான் கண்டனான்."

பூசையில் அந்தப் பெயரை வாசித்தபோது ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அன்றைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை. என் கணவர் பலெர்மோவில் இறந்துவிட்டார். பேசாலையில் அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.